ஐந்தை வெட்டி ஏழு

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், காணி உறுதிப் பத்திரத்துக்கும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களுக்கும் இடையில், மஞ்சள் பூத்த ஓர் அட்டை இருக்கிறது. உள்ளங்கை அகலம், ஒரு சாண் நீளம். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஓர் இலக்கம் எழுதியிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஐந்து என்று எழுதி, அதைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் நீல மையால் ஏழு என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே என்னுடைய கையெழுத்து. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுடைய தமிழ்க் கையெழுத்து, கொஞ்சம் நடுங்கியும் இருக்கிறது. நோன்புக்கு முன்னால் வீடு துப்புரவாக்கும்போதெல்லாம் பிள்ளைகள் அதை எடுத்து, "இது என்ன வாப்பா, வீசட்டா?" என்று கேட்பார்கள். கிடக்கட்டும் என்று சொல்லிவிடுவேன். ஏன் கிடக்கவேண்டும் என்று அவர்களுக்கு இதுவரை சொன்னதில்லை. அதை எழுதியவர் எங்கள் அலுவலகத்தில் இருந்த என்ஜினியர். சேர் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

சூறாவளி அடித்து எங்கள் கரையோரத்துத் தென்னைகள் எல்லாம் சாய்ந்த அடுத்த வருடம் அவர் வந்தார். உடைந்த வாய்க்கால்களையும் குளக்கட்டுகளையும் திருத்துகிற வேலை. நான் சாய்ந்தமருதிலிருந்து சைக்கிளில் கல்முனைக்குப் போய் அந்த அலுவலகத்தில் டிரைவராக இருந்தேன். சேர் மலைநாட்டு முஸ்லிம், தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரின் மகன். நாங்கள் 'இரிக்கி' என்பதை அவர் 'ஈக்கிது' என்பார். நாங்கள் மூத்தவர்களைக் காக்கா என்போம், அவர் என்னை நானா என்றார். வந்த முதல் நாள் அவருடைய சாமான்களை இறக்கும்போது நீளமான ஒரு தோல்பை கனத்தது. உள்ளே துவக்கோ என்று பயந்துவிட்டேன். திறந்து காட்டினார். இரும்புத் தலை வைத்த பத்துப் பன்னிரண்டு கோல்களும் கோழிமுட்டையைவிடச் சிறிய வெள்ளைப் பந்துகளும் இருந்தன. கொல்ஃப் என்றார். ஆகக் குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் சேர்ப்பவர் வெல்வார், அவ்வளவுதான் நானா என்றார். இவ்வளவு படித்த மனிதன் இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு கோல்களைச் சுமந்து வருவானா என்று எனக்கு முதல் சந்தேகம் அன்றே விழுந்தது.

அடுத்த சந்தேகம் கோமாரியில் விழுந்தது. அங்கே கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில், மாடுகள் ஒட்டக் கடித்த ஒரு புல்வெளி இருந்தது. காலையில் போனால் ஒரு பக்கம் கடல் வெள்ளியாய்க் கிடக்கும், மறுபக்கம் களப்பில் நாரைகள் நிற்கும். ஒருநாள் சேர் வீட்டில் பழைய பால் பேணி ஈக்கிதா என்று கேட்டார். மனைவியிடம் மூன்று வெற்றுத் தகரப் பேணி வாங்கிக் கொடுத்தேன். அந்தப் புல்வெளியில் மூன்று இடத்தில் குழி தோண்டி, பேணிகளை மண் மட்டத்துக்குப் புதைத்து, பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டார். பிறகு ஒரு கம்பிலிருந்து மறு கம்புக்குக் காலடி எண்ணி நடந்தார். சட்டைப் பையிலிருந்து கொப்பி எடுத்து ஏதோ எழுதினார். அந்தக் காலத்தில் யார் கம்பு நட்டு நடந்தாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பயம் பிடிக்கும். காணி யாருடையது, நாளைக்கு யாருக்குப் போகும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம். மாடு மேய்த்தவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். எனக்கும் அரசாங்கம் பெர்மிட்டில் தந்த என் காணி ஞாபகம் வந்தது. அவர் கொப்பியைக் கோல் பையில் வைத்துவிட்டு லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவப் போன நேரம் பார்த்து, செய்யக்கூடாத வேலைதான், அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். நாலு, ஆறு, ஐந்து, ஆறு என்று வெறும் இலக்கங்கள்தான் இருந்தன. பெயரோ எல்லையோ இல்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. ஒளிக்கிற ஆள்தானே இலக்கத்தில் எழுதுவான்.

கல்முனையில் நாங்கள் தேத்தண்ணி குடிக்கிற கடையில் இது நல்ல பகிடியாகிவிட்டது. கடைக்காரர் என்னைக் கண்டாலே தொடங்குவார்.

"என்ன காக்கா, ஒரு பந்துக்குப் பின்னால ரெண்டு ஆம்புளையள் போறயாம்?"

"சேர்ட விளையாட்டு அது."

"ஆட்டுக்குப் பின்னால போனாலும் மறுகா பாலாவது கிடைக்கும். காணி அளக்காரா, வேறென்னவும் தேடுறாரா? நல்லாப் பாத்துக்கங்க. நாளைக்கு எங்களுக்குச் சொல்லாம விட்டுடாதீங்க."

நானும் நல்லாகத்தான் பார்த்தேன். அலுவலக ஜீப்பைத் தன் விளையாட்டுக்கு எடுக்கமாட்டார், சொந்தமாக ஒரு பழைய கார் வைத்திருந்தார். குளக்கட்டில் ஒருமுறை விழுந்ததில் இடது தோளில் நோவு இருந்தது. அடிப்பதற்குத் தோள் இடம் கொடுக்கும், தூர ஓட்டத்துக்கும் சுமைக்கும் கொடுக்காது. எனவே விடுமுறை நாட்களில் நானே ஓட்டினேன், நானே பையும் தூக்கினேன். திருகோணமலைப் பக்கம் போவதென்றால் வாகனத்தை ஏற்றி அக்கரை சேர்க்கிற பாதைத் தெப்பங்களில் ஆறு ஆறாக ஏறி இறங்கவேண்டும். அங்கே கடலை ஒட்டி ஒரு மைதானம் இருந்தது. பந்து போன வழியில் மான்கள் விலகி நிற்கும். மலையில் ஒரு தோட்டத்துக் கிளப் இருந்தது. தேயிலைச் சரிவுக்குக் கீழே ஒன்பது குழி. காலையில் மூட்டம் இறங்கினால் அடித்த பந்து எங்கே போனதென்று தெரியாது, விழுந்த சத்தத்தை வைத்துத்தான் போவோம். இப்படியான இடங்களை நான் வேறு எப்படிக் கண்டிருப்பேன். ஆனாலும் மனம் முழுதாய் அழகில் போய்ப் படியவில்லை. கிளப் என்றால் குடி இருக்கும். சேர் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றோடு வெளியே வந்து, அதை மதிலில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனால், நான் போய் மூக்கைக் கிட்ட வைத்து மணந்து பார்ப்பேன். தோடம்பழத் தண்ணீர்தான். அடுத்த முறையும் மணந்து பார்ப்பேன்.

எல்லாவற்றிலும் பெரிய சந்தேகம் அவர் எண்ணுகிற விதத்தில்தான். கோமாரியில் ஒரு நாள் கோலை வீசினார், பந்தில் படவில்லை, மண்தான் பறந்தது. பார்த்தது நானும் நாலு மாடும். அவர் "ஒண்டு" என்று சொல்லிக் கொப்பியில் போட்டார்.

"படல்லியே சேர்."

"அடிக்கத்தானே வீசினேன் நானா. படாட்டியும் அடி அடிதான்."

வல்ல இறைவன் பார்க்கிறான் என்று ஐந்து நேரமும் தொழுகிற எனக்கே, யாரும் இல்லாத வெளியில் தன் பிழையைத் தானே எழுதுகிற மனிதனை நம்ப முடியவில்லை. எனக்குக் காட்டுவதற்காகச் செய்கிறார், சின்னதில் இவ்வளவு நேர்மை காட்டுகிறவர் பெரியதில் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் தொழுகை நேரம் வந்தால் எங்கே நின்றாலும் பைக்குள் இருந்த துவாயை விரித்து, "நீங்க முன்னுக்கு நில்லுங்க நானா" என்பார். டிரைவர் இமாமாக நிற்க, என்ஜினியர் பின்னால் நின்று தொழுவார். அதிலும் ஏதாவது இருக்குமோ என்று யோசித்தவன் நான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் வருடம் அந்த மலைக் கிளப்பில் ஒரு போட்டி நடந்தது. சேரோடு ஆடியவர் ஒரு தோட்டத்துத் துரை. எதிராளியின் எண்ணிக்கையை மற்றவர் எழுதிக் கிளப்புக்குக் கொடுக்கவேண்டும் என்பது முறை. சேர் தன் எண்ணிக்கையைத் தானும் இன்னோர் அட்டையில் எழுதிக்கொள்வார். கடைசிக் குழிக்கு வரும்போது சேர் எண்ணிக்கையில் ஓர் அடி குறைவாக, முன்னால் நின்றார். துரை காலையிலிருந்தே கதைக்கு ஒரு குத்தல் வைத்துக்கொண்டிருந்தார். கடற்கரையில் மாட்டுக்கு நடுவே பழகினவர் நல்லாத்தான் ஆடுறார் என்றார். எனக்கு அது சுட்டது. அந்த நேரம் சேர் அடித்த பந்து சரிவில் உருண்டு ஒரு சவுக்கு மரத்தின் வேருக்குள் போய் ஒட்டிக்கொண்டது. பையோடு முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். அவர்கள் இருவரும் மேட்டிலிருந்து இறங்கி, வளைவுக்கு அப்பால் வந்துகொண்டிருந்தார்கள். பாதையில் கிடக்கிற கல்லைத் தள்ளுவது போலச் செருப்பு நுனியால் ஒரு தட்டுத் தட்டினேன். பந்து ஒரு முழம் விலகிப் புல்லில் நின்றது. சேர் வெல்லவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைவு எனக்கு இல்லை. அவர் வந்தார், அடித்தார், அந்தக் குழி ஐந்தில் முடிந்தது.

துரை கையெழுத்துப் போடாமல் நின்றார். மேட்டில் நின்று தான் பார்த்தபோது பந்து வேரோடு ஒட்டிக் கிடந்தது, கிட்ட வந்தபோது புல்லில் கிடந்தது, இது எப்படி என்று கேட்டார். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சேர் என்னைப் பார்த்தார்.

"நானா, பந்தைத் தொட்டீங்களா?"

"இல்ல சேர்."

"காலாவது பட்டிச்சா?"

"வல்லாஹி படல்ல சேர்."

அல்லாஹ்வின் மீது ஆணை என்று சொல்லிவிட்டேன். நான் யோசிக்கமுன் வாய் சொல்லிவிட்டது. துரைக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. சேருக்கு விளங்கியது. என் பின்னால் நின்று தொழுகிற மனிதர். அவர் துரையின் பக்கம் திரும்பி, இந்த ஆள் சத்தியம் செய்துவிட்டார், இதற்கு மேல் எனக்குக் கேள்வி இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். துரை கையெழுத்துப் போட்டார். சேர் வென்றார். கைதட்டியவர்கள் இரண்டு பேர்தான் இருக்கும். திரும்பி வரும்போது மஃரிபுத் தொழுகைக்கு வழியில் ஓர் ஓடைக்கரையில் நிறுத்தினோம். துவாயை விரித்து, "முன்னுக்கு நில்லுங்க நானா" என்றார். நின்றேன். அன்று ஓதிய சூறாவில் எந்த இடத்தில் தடுமாறினேன் என்பது இன்றும் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு மலைக் கிளப்பிலிருந்து ஆட வரச் சொல்லிக் கடிதம் வருவது நின்றது. அவராக எழுதிக் கேட்டால் இடமில்லை என்று பதில் வரும். கதை திருகோணமலைக்கும் போயிருந்தது. அங்கே ஒருவர் சேருக்குச் சலாம் சொல்வது போல் கை தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தார். சேரோடு சேர்ந்து ஆட ஒருவரும் வரவில்லை. தனியாக ஆடிவிட்டு வந்து, "அவங்க சந்தேகப்பட்டா படட்டும். நீங்க சொன்னது எனக்குப் போதும்" என்றார். நான் மூன்று வருடம் அவரைச் சந்தேகித்தேன், கடைசியில் என்னை ஒரு நாளும் சந்தேகிக்காத அந்த மனிதரின் பேர் என்னால் கெட்டுப்போனது.

எட்டு மாதம் பொறுத்தேன். பிறகு எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் போய், ஆள் இன்னார் என்று சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு காரியம் சொன்னார். பொய்ச் சத்தியத்துக்குத் தௌபாச் செய்து பாவமன்னிப்புக் கேட்டு, பத்து ஏழைகளுக்கு ஆளுக்கு ஒரு முத்து, அதாவது இரு கை ஏந்துகிற அளவு, அரிசி கொடுக்கவேண்டும், அது அல்லாஹ்வுக்குரியது. கெட்டது மனிதனுடைய பேர் என்றால் அவரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் பொருத்தம் வாங்கவேண்டும், அதை அல்லாஹ் நமக்காக வாங்கித் தரமாட்டான். முதலாவது எனக்கு இலேசாகத் தெரிந்தது. ஊருக்குள் கொடுத்தால் கதை வரும் என்று, தூரமாய்ப் பொத்துவிலில் கொடுக்க நினைத்தேன். வீட்டில் பால் பேணியால் அரிசி அளந்து, பேணிக் கணக்கு குறையாமல், காகிதத்தில் சரை சரையாகக் கட்டும்போது மனைவி வந்து நின்றாள். விரலை நீட்டி எண்ணினாள்.

"பத்துச் சரை."

"ஓம். ஏழையளுக்கு."

"ஒம்பதும் இல்ல, பதினொண்டும் இல்ல. எந்தச் சத்தியத்த முறிச்ச நீங்க?"

நான் அடுத்த சரையின் வாயை மடித்துக் கட்டினேன்.

"எனக்கிட்டச் செஞ்ச சத்தியமா?"

"இல்ல புள்ள. உனக்கிட்ட இல்ல."

"அப்ப சரி. ஆனா ஆருக்கிட்டயோ அவர்ட மூஞ்சயப் பாத்துச் சொல்லுங்க. அரிசி கதைக்காது."

அந்தச் சனிக்கிழமை சேர் கோமாரிக்குப் போகவேண்டும் என்றார். ஆட்டம் முடிந்தபிறகு பொத்துவில் வரை போய்க் கொஞ்சச் சாமான் கொடுக்க அனுமதி கேட்டேன். சரைகளைப் பின் ஆசனத்தில் அடுக்கிச் சாக்கால் மூடியிருந்தேன். புல்வெளியில் போய் நின்றதும் பையை எடுக்கக் கதவைத் திறந்தேன். சாக்கு அதோடு சேர்ந்து சரிந்தது. சேர் பின்னால் நின்றார். வாழ்க்கை முழுக்க எண்ணுகிற மனிதர் அல்லவா, உதடு அசையாமல் எண்ணியது எனக்குத் தெரிந்தது. எல்லாம் ஒரே அளவு. அவரும் நாங்கள் ஓதியதைத்தானே ஓதியிருக்கிறார்.

"பத்து" என்றார்.

"ஓம் சேர்."

"ஒங்கட சத்தியத்துக்கா?"

"ஓம் சேர். நான்தான். செருப்பால ஒரு முழம் தள்ளினன். நீங்க வெல்லோணும் எண்டு."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். பையிலிருந்து ஒரு கோலை எடுத்தார், பந்தை வைத்தார், நீண்ட நேரம் குனிந்து நின்றார். பிறகு அடிக்காமலேயே கோலைத் திரும்பப் பைக்குள் போட்டார். "முதல்ல அரிசியக் குடுத்துட்டு வாங்க. அடுத்த கிழமை மலைக்குப் போவோம்" என்றார்.

விடியமுன் வெள்ளண வெளிக்கிட்டு, அம்பாறையும் மொனராகலையும் தாண்டி மலை ஏறினோம். கிளப்பில் துரையும் வேறு மூன்று பேரும் இருந்தார்கள். சேர் நின்றபடியே சொன்னார். என் பையைத் தூக்கியவர் பந்தை அசைத்திருக்கிறார், அவர் தொட்டால் நான் தொட்ட மாதிரிதான், இரண்டு அடி கூடவேண்டும், பிழையான அட்டைக்குப் பரிசு இல்லை, என் பேரை எடுத்துவிடுங்கள் என்றார். நான் பொய்ச் சத்தியம் செய்ததை அவர் சொல்லவில்லை. துரை சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"நீ என்னா சொல்ற டிரைவர்? அன்னைக்குச் சாமி மேல சத்தியம் பண்ணுனியே?"

"அது பொய்ச் சத்தியம் துரை. நான்தான் தள்ளினன். சேருக்குத் தெரியாது. அவர்ட பிழை என்னை நம்பினதுதான்."

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாச் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்காரு" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். சேர் தானே தள்ளச் சொல்லிவிட்டு, இப்போது பேரைக் காப்பாற்ற டிரைவரின் தலையில் போடுகிறார் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நான் பொய் சொன்ன நாளில் பாதியாவது நம்பினார்கள். உண்மை சொன்ன நாளில் ஒருவரும் நம்பவில்லை. இன்னொரு தடவை சத்தியம் செய்ய வாய் வந்தது. சேர் கையை உயர்த்தினார். "வேணாம் நானா. இனி வேணாம்" என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து தன்னுடைய அட்டையை எடுத்து ஐந்தை வெட்டி, ஏழு எழுதி, பேனையை என்னிடம் தந்தார். "சாட்சிக்கு ஒங்கட பேரப் போடுங்க. அவங்க நம்பாட்டியும் அட்டை சரியா ஈக்கோணும்" என்றார். போட்டேன். மை காயும் வரை பிடித்திருந்துவிட்டு அட்டையைத் திருப்பி என்னிடமே தந்தார். மலை இறங்கி, சமவெளியின் சூடு முகத்தில் அடிக்கத் தொடங்கிய இடத்தில் காரை ஓரமாக நிறுத்தினேன். ஸ்டேரிங்கைப் பிடித்தபடி, அவரைப் பார்க்காமல், "பொருந்திக்கொள்ளுங்க சேர்" என்றேன்.

"பொருந்தினேன். அல்லாஹ்வுக்காகப் பொருந்தினேன்." பிறகு சொன்னார், "ஆனா நானா, பை இனி நீங்க தூக்க வேணாம்."

அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊரில் இருந்த காலம் முழுக்கப் பையைத் தானே தூக்கினார். இடது தோள் நோகும் என்று வலது தோளில் போட்டுக்கொண்டு, சரிந்து சரிந்து கோமாரிப் புல்வெளியில் நடப்பார். நான் காரடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். தொழுகைக்கு மட்டும் முன்போலவே துவாயை விரித்து, முன்னுக்கு நில்லுங்க நானா என்பார். பையைத் தராத மனிதர் தொழுகையை ஏன் தருகிறார் என்று நின்று நின்று யோசித்திருக்கிறேன். பொருந்தினேன் என்றது வாயாலா மனதாலா என்றும் யோசித்திருக்கிறேன். கேட்கத் துணிவு வரவில்லை. பிறகு பாதைகளில் பயம் வந்தது. மலைக்கும் போகவில்லை, திருகோணமலைக்கும் போகவில்லை, கடைசியில் கோமாரிக்கும் போகமுடியாமல் போனது. அவருக்கு இடமாற்றம் வந்தது.

போகிற நாள் காலையில் சாமான்களை எல்லாம் நான் லொறியில் ஏற்றினேன். அந்தத் தோல்பை மட்டும் விறாந்தையில் சுவரில் சாய்ந்து நின்றது. அதற்குப் பக்கத்தால் நாலைந்து தடவை போய் வந்தேன், தொடவில்லை. சேர் வாசலில் நின்று என்னையும் பையையும் பார்த்தார்.

"என்ன பாக்கிறீங்க? தூக்குங்க நானா."

தூக்கினேன். நாலு வருடத்துக்குப் பிறகு அந்தக் கனம் தோளில் இறங்கியது. லொறி வரை பத்து அடிதான். எட்டி வைத்து நடக்க மனமில்லாமல் அடி அடியாக வைத்து நடந்தேன்.

அன்று அவருக்குத் தோள் நொந்ததோ, அல்லது மனம் இறங்கியதோ, எனக்குத் தெரியாது. பிறகு நான் அவரைச் சந்திக்கவில்லை. ஹஜ்ஜுக்குப் போகமுன் எல்லோரிடமும் பொருத்தம் கேட்கிற வழக்கப்படி தேடிப் பார்த்தேன், விலாசம் கிடைக்கவில்லை. கோமாரிப் பக்கம் இப்போது வாகனத்தில் போனால் அந்தப் புல்வெளி கம்பி வேலிக்கு உள்ளே இருக்கிறது. மூன்று பால் பேணிகளும் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகியிருக்கும். போன நோன்புக்கு முன்னாலும் மகள் பெட்டியைத் துடைத்துவிட்டு அட்டையை நீட்டினாள். வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். நீல மையில் எழுதிய ஏழு மங்கிவிட்டது. அவர் குறுக்கே வெட்டிய கோட்டுக்கு அடியில் பென்சிலால் எழுதிய ஐந்து மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது. கெடக்கட்டும் புள்ள என்று சொல்லி, உறுதிக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினேன்.